கல்லில் பட்டு வளைந்த மட்டைக்கு யார் காசு கொடுப்பது?

வாசகர் கேள்வி - பதில்

கால்ஃப் மைதானத்தில் மட்டை உடைந்தது, வளைந்தது, பை நசுங்கியது, யாரிடம் கேட்பது என்று வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. கிளப்புகளின் பெயரையும் விட்டிருக்கிறேன், அவர்கள் தரப்பை நான் கேட்கவில்லை என்பதால்.

கேள்வி: வணக்கம் சார். போன மாதம் ஒரு மலை ஊர் மைதானத்தில் விருந்தினராக கிரீன் ஃபீ (மைதானக் கட்டணம்) கட்டி ஆடினேன். பந்து ஃபேர்வேயின் நடுவில், புல்மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. 7 அயர்ன் மட்டையை வீசினேன். டணார் என்று ஒரு சத்தம், கை மணிக்கட்டு வரை அதிர்ந்துவிட்டது. புல்லுக்கடியில் கல். மட்டையின் முகத்தில் நகக்கண் அளவு பள்ளம், ஷாஃப்டும் (மட்டையின் தண்டு) வளைந்துவிட்டது. மேனேஜரிடம் காட்டினேன். அவர் சுவரில் இருந்த "சொந்தப் பொறுப்பில் ஆடவும்" பலகையைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். செட் ஒரு லட்சத்துக்கு மேல். கிளப்பிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: உண்டா இல்லையா என்பது அந்தக் கல் அங்கே எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. மேனேஜர் பலகையைக் காட்டியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை, ஆனால் நீங்கள் நினைப்பதுபோல கிளப் கட்டாயம் தர வேண்டும் என்றும் இல்லை.

மலை மைதானத்தில் மண்ணோடு பாறையும் இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் மேல்மண் கரைந்து, நேற்றுவரை தெரியாத கல் இன்று தலை தூக்கும். ஃபேர்வேயை விட்டு விலகி ரஃபில் (ஓரத்து நீளப் புல்லில்) பந்து போய், அங்கே கல்லில் பட்டு மட்டை கெட்டால், அது ஆட்டத்தோடு கூடவே வரும் ஆபத்து. அதை ஏற்றுக்கொண்டுதான் எல்லோரும் ஆட வருகிறோம், நீதிமன்றமும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கும். ஃபேர்வே அப்படியல்ல. அது தினமும் புல் வெட்டி, உரம் போட்டு, நீர் பாய்ச்சிப் பராமரிக்கிற இடம். அதற்குத்தான் கிரீன் ஃபீ வாங்குகிறார்கள். இந்தியாவில் இந்த மாதிரி அஜாக்கிரதைக்கென்று தனியாக எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியில்தான் நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன: கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்ததா, அதில் தவறினார்களா, அந்தத் தவறால்தான் நஷ்டம் வந்ததா. மூன்றுக்கும் ஆமாம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

அதனால் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் சமீபத்தில் ஏதாவது வேலை நடந்ததா என்பதைத்தான். ஸ்பிரிங்க்லர் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவார்கள், வடிகால் வெட்டுவார்கள். தோண்டிய மண்ணோடு சல்லியும் கல்லும் கலந்து மூடிவிட்டு மேலே புல் கட்டி வைத்துவிடுவார்கள். பார்க்க ஃபேர்வே மாதிரியே இருக்கும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே கருங்கல் ஜல்லி. அப்படிப்பட்ட இடத்தை வெள்ளைக் கோடு போட்டு 'பழுதுபார்ப்பில் உள்ள தரை' என்று குறித்திருக்க வேண்டும். குறித்திருந்தால் கால்ஃப் விதி 16.1-இன்படி அபராதம் இல்லாமல் பந்தை நகர்த்தி ஆடியிருப்பீர்கள், மட்டையும் தப்பியிருக்கும். வேலை நடந்தது தெரிந்தும் கோடு போடாமல் விட்டிருந்தால் அது கிளப்பின் கவனக்குறைவுதான், தைரியமாகக் கேளுங்கள். அதே இடத்தில் இதற்கு முன்பும் வேறு யாருக்காவது இப்படி நடந்து, அவர்கள் புகார் செய்திருந்தாலும் உங்கள் பக்கம் பலம் கூடும். இயற்கையாக மேலே வந்த ஒற்றைக் கல், யாருக்கும் முன்பு தெரியாது என்றால், கேட்டும் பெரிதாகப் பயனில்லை.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்கிறேன். பலகை உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதில் பலன் உண்டு. ஆனால் தன் சொந்த அலட்சியத்துக்கு ஒருவர் பலகை எழுதி மாட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்த பதிலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சொல்கிறேன், படித்துப் பாருங்கள்.

இனி காசு. செட்டின் விலையை ஏன் எழுதினீர்கள் என்று புரிகிறது, ஆனால் கெட்டது ஒரே ஒரு 7 அயர்ன். ஷாஃப்டை மாற்றலாம். முகத்தில் விழுந்த பள்ளம் கோடுகளைத் தொடவில்லை என்றால் ஆட்டத்துக்குப் பெரிய குறையில்லை. ஹெட் (மட்டையின் தலை) ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து வடித்த, கார்பன் ஸ்டீல் என்றால் கோணம் மாறியிருந்தாலும் மட்டை பழுதுபார்ப்பவர் இயந்திரத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வார்ப்பு ஹெட் என்றால் சிரமம், வளைக்கப் போய் முறிந்தும் போகலாம். நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பழுதுக்கான பில் தொகை. அதை விட்டுவிட்டு முழு செட்டுக்கும் கேட்டால் நியாயமாகப் பேச வந்தவரும் கதவைச் சாத்திவிடுவார். இன்னொன்று, வளைந்த ஸ்டீல் ஷாஃப்டை முழங்காலில் வைத்து நிமிர்த்திவிடாதீர்கள். ஒருமுறை வளைந்த இடம் பலம் இழந்துவிடும். பிறகொரு நாள் வீசும்போது அதே இடத்தில் முறிந்து ஹெட் தனியாகப் பறக்கும், எதிரே நிற்பது யாரோ.

கம்பெனி வாரண்டியை நம்ப வேண்டாம். தயாரிப்புக் குறைக்குத்தான் வாரண்டி, கல்லில் பட்டதற்கு இல்லை.

இனிமேல் இப்படி நடந்தால் அந்த இடத்திலேயே போன் எடுத்துப் படம் பிடியுங்கள். எத்தனையாவது குழி, கிரீனிலிருந்து (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) எத்தனை கெஜம் என்பது தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, கல்லும் மட்டையும் சேர்ந்து கிட்டத்தில் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் வாய்ச்சொல்லோடு விடாமல் நாலு வரி எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து கேளுங்கள். கூட ஆடியவர் பெயரையும் அதில் சேருங்கள். அந்தக் கடிதத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் தோண்டிய பள்ளத்தைக் குறிக்காமல் விட்டது கமிட்டிக்குத் தெரியவந்தால் அடுத்த வாரம் அதில் விழப்போவது அவர்களுடைய சொந்த உறுப்பினர் என்பது அவர்களுக்கும் தெரியும். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கிரீன் ஃபீ கட்டிய விருந்தினர் என்பதால் சேவைக் குறைபாடு என்று மனு போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு ஷாஃப்ட் மாற்றும் செலவுக்காக வருஷக்கணக்கில் அலைய மனசு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. உங்கள் மைதானத்தில் பாறையும் வேரும் மேலே தெரிகிறது என்றால், கிளப்புகள் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய மாதிரி உள்ளூர் விதிகளில் எஃப்-9 என்று ஒன்று இருக்கிறது. ஃபேர்வேயிலும் அதை ஒட்டியும் கிடக்கும் கல், வேர் இவற்றிலிருந்து அபராதமில்லாமல் விலகி ஆட அனுமதிக்கும் விதி. அதைப் போட்டுவிட்டால் பாதிப் புகார் குறைந்துவிடும். மட்டையைவிட முக்கியம் மணிக்கட்டு. கோவை வாசகருக்கு அதிர்ச்சியோடு போனது, சிலருக்கு மாதக்கணக்கில் ஆட முடியாமல் போயிருக்கிறது.

ஆடுகிறவர்களும் சந்தேகமிருந்தால் டீ குச்சியால் (பந்தை ஏற்றி வைக்கும் குச்சி) பந்தைச் சுற்றி மெல்லக் குத்திப் பார்க்கலாம், தரையைக் கெடுக்காமல், பந்து கிடக்கும் நிலை மாறாமல். பங்கரில் (மணல் குழியில்) மட்டும் மணலைச் சோதிக்கக் கூடாது. கல் இருப்பது தெரிந்துவிட்டால், உள்ளூர் விதியும் இல்லையென்றால், விதி 19-இல் ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) அபராதத்தோடு நகர்த்திவிடுங்கள். மட்டை உடைவதைவிட ஒரு ஸ்ட்ரோக் போவது மேல்.

கேள்வி: காலையில் கிளப் வாசலில் காரிலிருந்து பையை இறக்கி ஊழியரிடம் கொடுத்தேன். வழக்கமாக அவர்கள்தான் எடுத்துப்போய் வண்டியில் கட்டுவார்கள். நான் டீ குடித்துவிட்டு ஆட்டம் தொடங்கும் முதல் டீ மேட்டுக்குப் போய் உறையைக் கழற்றினால் டிரைவர் (தூரம் அடிக்கும் பெரிய மட்டை) கழுத்தில் முறிந்து தொங்குகிறது. "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சீட்டில் அச்சடித்திருக்கிறதாம். (வாசகர், சென்னை)

பதில்: கோவை வாசகரைவிட உங்கள் நிலை பல மடங்கு உறுதியானது. மட்டை உடைந்தபோது அது உங்கள் கையில் இல்லை, கிளப்பின் கையில் இருந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்தால், வாங்கியவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று 152 சொல்கிறது.

இதில் யார் எதை நிரூபிப்பது என்பதுதான் முக்கியம். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. டில்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல். 1998இல் அங்கே வந்தவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வாலே ஊழியரிடம் (காரை நிறுத்திக் கொடுப்பவர்) கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால் கார் இல்லை, வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோட்டல் சீட்டில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று இருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். சாவியைக் கொடுத்ததுமே கார் ஹோட்டலின் பொறுப்புக்கு வந்துவிட்டது, நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் தாங்கள் போதிய கவனம் எடுத்தோம் என்று ஹோட்டல்தான் காட்ட வேண்டும், தன் ஊழியரின் கவனக்குறைவை அச்சடித்த ஒரு வரியால் மூடிவிட முடியாது என்றார்கள். இருபத்தோரு வருஷம் ஆனது என்பது வேதனைதான், ஆனால் சட்டம் தெளிவாகிவிட்டது.

கார் இருந்த இடத்தில் உங்கள் பையை வைத்துப் பாருங்கள். கொடுக்கும்போது முழுசாக இருந்தது, வாங்கும்போது முறிந்திருந்தது, நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். மேனேஜருக்கு இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு சிக்கல், கொடுக்கும்போதே ஏற்கெனவே உடைந்திருந்தது என்று அவர்கள் சொல்லலாம். முந்தின நாள் நீங்கள் அதே டிரைவரால் ஆடியதற்கு ஆள் சாட்சி இருந்தால் போதும். வாசலில் கேமரா இருந்தால் பதிவை அழித்துவிடாமல் வைக்கச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள், அவை சீக்கிரம் அழிந்துவிடும்.

லாக்கரில் நீங்களே வைத்துப் பூட்டி, சாவியும் உங்களிடமே இருந்தால் இந்த அளவுக்குப் பேச முடியாது. அது இடத்தை வாடகைக்கு எடுத்தது மாதிரி, ஒப்படைத்ததாக ஆகாது.

கேள்வி: எங்கள் கிளப்பில் கேடி (மட்டைப் பையைச் சுமந்து கூட வருபவர்) பையோடு ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். விழுந்ததில் என் இரண்டு மட்டைகள் வளைந்துவிட்டன. மற்ற உறுப்பினர்கள் கேடியின் கூலியில் மாதாமாதம் பிடித்துத் தரச் சொல்லி கேடி மாஸ்டரிடம் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நீலகிரி)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. தயவுசெய்து பிடிக்க விடாதீர்கள்.

சட்டம் முதலில். கேடி கிளப்பின் ஊழியரா என்பதே பல இடங்களில் தீராத கேள்வி. ஹாங்காங்கில் ஒரு கேடியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை போய், அவர் கிளப்பின் ஊழியர் அல்ல, ஆட்டக்காரர்களுக்கு வேலை செய்ய கிளப் அவரை உள்ளே அனுமதித்திருந்தது, அவ்வளவுதான் என்று 1990களில் தீர்ப்பானது. ஊழியர் இல்லை என்றால் கூலியில் பிடிக்க கிளப்புக்கு என்ன அதிகாரம்? ஊழியர்தான் என்றாலும், வெளிப்படையாக அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய சொந்த அலட்சியத்தால் கெட்டிருந்தால் மட்டும், அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம் என்று சம்பளச் சட்டம் சொல்கிறது. ஈரச் சரிவில் வழுக்கியது அலட்சியம் அல்ல. அந்தச் சரிவில் படி வெட்டாதது யார், பத்து கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு ரப்பர் செருப்போடு நடக்கவிட்டது யார் என்று கேட்டால் விரல் வேறு பக்கம் திரும்பும்.

ஆட்ட விதியும் இதே பக்கம்தான். விதிப்புத்தகம் கேடியை ஆட்டக்காரரின் ஆளாகவே பார்க்கிறது. உங்கள் சுற்றில் உங்களுக்காக அவர் செய்ததில் விதி மீறல் இருந்தால் அபராதம் உங்களுக்கு. நல்லது நடந்தால் உங்கள் ஸ்கோர், கெட்டது நடந்தால் மட்டும் அவருடைய கூலி என்பது எந்த ஊர் நியாயம்?

ஊட்டியில், வெலிங்டனில், கொடைக்கானலில் கேடி வேலை பல குடும்பங்களில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வருகிறது. மழைக்காலத்தில் ஆட்டம் இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலியும் இல்லை. உங்கள் இரண்டு மட்டையின் விலை அவருடைய எத்தனை நாள் சாப்பாடு என்று கேடி மாஸ்டரிடமே கேளுங்கள். அவருக்கு அடி பட்டதா, வைத்தியச் செலவு யார் பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை.

மட்டைக்கு வேறு வழி இருக்கிறது. கால்ஃப் ஆட்டக்காரர்களுக்கென்றே பாலிசி இந்தியாவில் கிடைக்கிறது. மட்டை இழப்பும் சேதமும், உங்கள் பந்தால் அடுத்தவருக்கு வரும் நஷ்டமும், ஹோல் இன் ஒன் (ஒரே அடியில் பந்து குழிக்குள்) போட்டால் கிளப்பில் எல்லோருக்கும் வாங்கிக்கொடுக்கும் செலவும்கூட அதில் சேரும். வாங்குவதற்கு முன் மட்டை ஆட்டத்தின்போது உடைவதற்கும் உண்டா, திருட்டுக்கு மட்டுமா என்று வரி வரியாகப் படியுங்கள். இரண்டும் வெவ்வேறு.

கேள்வி: பின்னால் வந்த குழு நாங்கள் கிரீனை விட்டு நகர்வதற்குள் அடித்துவிட்டது. பந்து பறந்து வந்து என் பையில் நின்ற டிரைவரின் மேற்பகுதியில் விழுந்து கார்பன் ஓடு விரிந்துவிட்டது. அடித்தவர் "கால்ஃபில் இதெல்லாம் சகஜம்" என்கிறார். (வாசகி, பெங்களூரு)

பதில்: பந்து வழி தவறிப் போவது சகஜம்தான். முன்னால் ஆள் இருக்கும்போது அடிப்பது சகஜமில்லை. நேராக ஆடத் தெரிந்தவருக்கும் பந்து சில நேரம் வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும், அதற்கெல்லாம் காசு கேட்க முடியாது. ஆனால் அவருடைய அடி எட்டக்கூடிய தூரத்தில் நீங்கள் இருந்தீர்கள், பார்த்தும் அடித்தார், எச்சரிக்கையாக "ஃபோர்" என்று கத்தவும் இல்லை என்றால் அது கவனக்குறைவு. பந்தின் எடை 45.93 கிராமுக்குமேல் போகக் கூடாது என்பது விதி, கேட்க லேசாக இருக்கும். அதுவே ஓடு விரியும் வேகத்தில் வந்தது என்றால் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரியும்.

கிளப்பையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே நிட்ரி காசில் மைதானத்தில் 2007இல் ஒருவர் 6ஆவது கிரீனிலிருந்து 7ஆவது டீக்கு நடந்து போகும்போது 18ஆவது டீயிலிருந்து வந்த பந்து பட்டுக் கண்ணை இழந்தார். முதல் நீதிமன்றம் அடித்தவர் மேல் 70 சதவீதம், கிளப் மேல் 30 சதவீதம் பொறுப்பு வைத்தது. 2013இல் மேல்முறையீட்டில் அது தலைகீழாக மாறி, அடித்தவருக்கு 20, கிளப்புக்கு 80 ஆனது. ஆள் நடக்கும் பாதை பந்து வரும் வழியில் இருப்பது கிளப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு எச்சரிக்கைப் பலகைகூட வைக்கவில்லை என்பதுதான் காரணம். அது கண் போன வழக்கு, ஸ்காட்லாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் மைதானத்திலும் கிரீனும் டீயும் நெருங்கி இருந்து, இதே இடத்தில் அடிக்கடி பந்து விழுகிறது என்றால், கமிட்டிக்கு எழுதும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். உடைந்த டிரைவருக்கு அடித்தவரிடம் கேளுங்கள், பாதைக்கு கமிட்டியிடம்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த பகி வண்டியை (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) மேட்டில் நிறுத்தி பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கினேன். அது தானாக உருண்டு குளத்தில் இறங்கிவிட்டது, இரண்டு பைகளோடு. இப்போது வண்டிக்கும் நான் தர வேண்டும் என்கிறார்கள். (வாசகர், ஈப்போ, மலேசியா)

பதில்: பிரேக் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியை வெளியே எடுத்ததும் யாரும் கைவைப்பதற்கு முன் ஒரு வெளி மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை ஒட்டியது. வாடகைக்கு விடும் பொருளில் இருக்கும் குறை கொடுத்தவருக்குத் தெரியாவிட்டாலும், அதனால் வரும் நஷ்டம் அவரைச் சேரும் என்பது இரண்டிலும் உண்டு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் குளத்தில் போன உங்கள் பைகளுக்கும் அவர்கள்தான் தர வேண்டும். பிரேக் நன்றாக இருந்து, நீங்கள் முழுசாக அழுத்திப் பூட்டாமல் இறங்கியிருந்தால் வண்டியின் பழுது உங்கள் தலையில். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அது ஒருதலைப்பட்சமாக இருந்தால் உங்கள் ஊர் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கு 50,000 ரிங்கிட் வரை கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை.

கேள்வி: போட்டி நடுவில் மட்டை உடைந்தால் வேறு எடுக்கலாமா? ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள். (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: ஆளுக்கொரு விதி சொல்வதற்குக் காரணம், விதியே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. 2007 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் டைகர் வுட்ஸ் 11ஆவது குழியில் மரத்தை ஒட்டிக் கிடந்த பந்தை அடித்து, வீச்சின் முடிவில் 4 அயர்ன் மரத்தில் பட்டு முறிந்தது. சாதாரண ஆட்டத்தில் இப்படிக் கெட்டால் மாற்றலாம் என்பது அன்றைய விதி. 2019இல் விதிப்புத்தகத்தை மாற்றி எழுதியபோது, கெட்ட மட்டையை அப்படியே வைத்து ஆடலாம், பழுதுபார்த்தும் ஆடலாம், ஆனால் உங்களாலோ கேடியாலோ கெட்டிருந்தால் வேறு மட்டை எடுக்க முடியாது என்றார்கள். அது ரொம்பக் கடுமை என்று பட்டதால் உள்ளூர் விதி ஒன்றைச் சேர்த்தார்கள். 2020 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் பிரைசன் டிஷாம்போ டீயை எடுக்கக் குனிந்து டிரைவரில் சாய்ந்ததும் ஷாஃப்ட் முறிந்தபோது வேறு ஷாஃப்ட் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து இது எல்லோருக்குமான விதி: சுற்றின்போது மட்டை கெட்டால் மாற்றலாம், நீங்கள் அதைக் கோபத்தில் அடித்தோ எறிந்தோ கெடுக்காமல் இருந்தால்.

கோபத்தில் தரையில் அறைந்து உடைத்தால் அதையே வைத்து ஆட வேண்டியதுதான், அல்லது அது இல்லாமல் ஆட வேண்டும். மாற்றுகிறேன் என்று பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பவரின் மட்டையை வாங்கிவிடாதே தம்பி. மைதானத்தில் வேறொருவர் ஆட வைத்திருக்கும் மட்டையால் அடித்தால் ஒரு குழிக்கு 2 ஸ்ட்ரோக், சுற்றுக்கு அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக் அபராதம். காரிலோ லாக்கரிலோ இருப்பதை எடுத்துவரச் சொல்லலாம், ஆனால் ஆட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. பந்து வெட்டுப்பட்டாலோ விரிசல் விட்டாலோ அந்தக் குழியிலேயே மாற்றலாம். வெறும் கீறலுக்கு முடியாது.

கேள்வி: விமானத்தில் வந்த என் பையைத் திறந்தால் டிரைவரின் ஹெட் தனி, ஷாஃப்ட் தனி. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். (வாசகர், மதுரை)

பதில்: அந்த ஒரு வாரம்தான் வினை. பதிவு செய்த பெட்டியில் சேதம் என்றால் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாள் கணக்கைப் பாருங்கள், இன்னும் உள்ளே இருந்தால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தாண்டிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. மற்றவர்களுக்கு: விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்து பாருங்கள், பெல்ட் பக்கத்திலேயே புகார் எழுதி அதன் நகலை வாங்குங்கள். உள்நாட்டுப் பயணத்தில் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2024 டிசம்பர் 28 முதல் அந்த அளவு. விலை அதிகமான செட் என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டலாம். மென்மையான பையில் அனுப்புகிறீர்களா என்று பார்த்து, சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள், அதனால் கெட்டியான பெட்டி நல்லது. டிரைவரின் ஹெட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: நண்பர் புது டிரைவர் வாங்கி, "நீ ஒரு அடி அடித்துப் பார்" என்று அவரே கையில் கொடுத்தார். பயிற்சி ரேஞ்சில் ஒரே வீச்சு, ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலே முறிந்துவிட்டது. காசு கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறார், ஆனால் முகம் சரியில்லை. (வாசகர், சேலம்)

பதில்: சட்டப்படி பார்த்தால், பந்தை ஒழுங்காக அடித்தீர்கள், தரையில் அறையவில்லை என்றால் நீங்கள் தர வேண்டியதில்லை. இரவல் வாங்கியவரும் அந்த 151ஆவது பிரிவின் அளவு கவனம் காட்டினால் போதும். புது டிரைவர் முதல் நாளே ஹெட்டுக்கு மேலே முறிந்தால் தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு நிறைய. அதனால் யாரும் காசு கொடுப்பதற்கு முன் பில்லோடு கடைக்குப் போகச் சொல்லுங்கள், முறிந்த இரண்டு துண்டையும் வைத்திருக்க வேண்டும், ஒட்டிப் பார்க்கவோ தேய்க்கவோ கூடாது. கிராஃபைட் முறிந்த வாயைப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். டீ மேட்டின் விளிம்பிலோ பங்கர் ஓரத்திலோ இடித்திருந்தால் வண்ணத்தில் சிராய்ப்பு இருக்கும். சிராய்ப்பே இல்லாமல் ஹெட்டின் வாய்க்குப் பக்கத்தில் சுற்றிலும் முறிந்திருந்தால் வாரண்டியில் கேட்கலாம்.

கடைக்காரர் மறுத்துவிட்டால், நண்பர் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது, போனது ஷாஃப்ட் மட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போய், அவருக்குப் பிடித்த ஷாஃப்டை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பில்லை நீங்கள் கட்டிவிடுங்கள்.